புது சர்வர் வாங்கும் முன் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: நாகர்கோவில் வடசேரியில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் கிளைகள் உண்டு. மொத்தம் 22 பில்லிங் சிஸ்டம். சர்வர் 2018-ல் வாங்கிய டெல் பவர்எட்ஜ் டி330. ஜியான் இ3-1220 வி5 பிராசஸர், 16 ஜிபி ரேம் (8 ஜிபி இரண்டு), டிஸ்க்குகளை ஒன்றாக்கி இயக்கும் ஹெச்730 ரெய்டு கார்டு, 1 டிபி சாட்டா டிஸ்க் நாலு ரெய்டு 5-ல். டிஸ்க் சொருகும் எட்டு பேயில் நாலு காலி. ஓஎஸ் உபுண்டு 18.04, டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 10. டேட்டாபேஸ் 68 ஜிபி ஆகிவிட்டது. போன ஐப்பசி மழைக்குப் பிறகு சாயங்காலம் 4 மணியிலிருந்து 7 மணி வரை பில் போடவே முடியவில்லை. ஒரு வரி ஏற 5, 6 நொடி ஆகிறது. சில நேரம் எல்லா சிஸ்டமும் மொத்தமாக நின்றுவிட்டு, பிறகு மொத்தமாக ஓடுகின்றன. மார்த்தாண்டம் கிளையில் நாள் முழுக்கவே மந்தம். இரண்டு பிராசஸர், 32 கோர் உள்ள புது சர்வருக்கு நாலரை லட்சம் ரூபாய் கொட்டேஷன் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். அந்தக் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான தகவல் ‘ஐப்பசி மழைக்குப் பிறகு’ என்பதுதான். டேட்டா பெருகுவதால் வரும் மந்தம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரு குறிப்பிட்ட சமயத்திலிருந்து திடீரென்று வந்த மந்தம் என்றால் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். 2018-ல் வந்த பேட்டரியை இதுவரை மாற்றவில்லை என்றால் அது போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

பேட்டரிக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம்? பில் சேவ் ஆகும்போது போஸ்ட்கிரெஸ் அந்தத் தகவல் டிஸ்க்கில் நிரந்தரமாக ஏறிவிட்டது என்ற உறுதி கிடைக்கும்வரை காத்திருக்கும். உங்கள் ஹெச்730 கார்டில் 1 ஜிபி கேச் (தற்காலிக நினைவகம்) இருக்கிறது. கார்டு தகவலைக் கேச்சில் வாங்கிக்கொண்டு அந்த நொடியே உறுதி கொடுத்துவிட்டு, டிஸ்க்கில் பிறகு நிதானமாக எழுதும். இடையில் கரண்ட் போனால் கேச்சில் இருப்பதைக் காப்பாற்றத்தான் பேட்டரி. அது செத்துவிட்டால் கார்டு அந்தப் பொறுப்பை ஏற்காது. ரைட் பேக் முறையிலிருந்து ரைட் த்ரூ முறைக்குத் தானாகவே மாறிவிடும். அதன்பின் ஒவ்வொரு சேவும் டிஸ்க் சுற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பில்லிங் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வேகம் மட்டும் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றும், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. அங்கும் இங்கும் தாவிப் படித்து எழுதும் வேலை நொடிக்கு 75 முதல் 100 வரை முடியும். நாலு டிஸ்க்குக்கும் சேர்த்து 300, 400 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ரெய்டு 5-ல் ஒரு சின்ன ரைட்டுக்கு நாலு வேலை நடக்கும்: பழைய டேட்டாவைப் படிப்பது, பழைய பாரிட்டியை (ஒரு டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு)ப் படிப்பது, புது டேட்டாவை எழுதுவது, புது பாரிட்டியை எழுதுவது. ஆகவே கேச் இல்லாத நிலையில் உங்கள் சர்வர் தாங்குவது நொடிக்கு 75 முதல் 100 ரைட்தான். ஒரு பில் வரி ஏறினால் பில் அட்டவணை, பேட்ச் ஸ்டாக், பார்ட்டி கணக்கு, அவற்றின் இண்டெக்ஸ்கள் (தேடலுக்கான அட்டவணைகள்), மாற்றங்களைப் பதியும் லாக் எல்லாம் மாறும். 22 பேர் ஒரே நேரத்தில் தட்டினால் வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரிபார்க்க ஐடிராக் (டெல் சர்வரை நிர்வகிக்கும்) பக்கத்தில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் கண்ட்ரோலரின் கீழ் பேட்டரி நிலையைப் பாருங்கள். ‘ரெடி’ தவிர வேறு எது இருந்தாலும் சந்தேகம்தான். விர்ச்சுவல் டிஸ்க் பகுதியில் ரைட் பாலிசி என்ன என்றும் பாருங்கள். அங்கே ‘ஃபோர்ஸ் ரைட் பேக்’ என்று ஒரு வழி இருக்கும். பேட்டரி இல்லாமலே கேச்சை நம்பச் சொல்வது அது. வேகம் உடனே திரும்பும். அடுத்த முறை கரண்ட் வெட்டும்போது டேட்டாபேஸே உடையலாம். யார் சொன்னாலும் அதைத் தொடாதீர்கள். பேட்டரியை வாங்கி, சர்வரை நிறுத்திப் போட்டு, அது சார்ஜ் ஏறச் சில மணி நேரம் விட்டால் பாலிசி மறுபடி ரைட் பேக்குக்கு வந்துவிடும். பழைய வேகத்தில் பெரும்பகுதி இதிலேயே திரும்பலாம்.

இன்னொரு நேரடிச் சோதனையும் உண்டு. போஸ்ட்கிரெஸுடனேயே பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற சின்னக் கருவி வருகிறது. இரவு பில்லிங் முடிந்தபின், டேட்டாபேஸ் இருக்கும் அதே டிஸ்க்கில் ஃபைல் வரும்படி ஓட்டுங்கள். ‘எஃப்டேட்டாசிங்க்’ என்ற வரிக்கு எதிரே நொடிக்கு எத்தனை என்று காட்டும். 100-ஐ ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் கேச் வேலை செய்யவில்லை. ஆயிரக்கணக்கில் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, கோளாறு வேறிடத்தில். ரெய்டு கார்டே இல்லாத சாதாரண சுழலும் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் காட்டினால் மட்டும் மகிழ வேண்டாம். அந்த டிஸ்க் எழுதாமலே எழுதிவிட்டதாகப் பொய் சொல்கிறது.

கூடவே போஸ்ட்கிரெஸ் செட்டிங்கில், டிஸ்க்கில் ஏறும் உறுதிக்குக் காத்திருக்கச் செய்யும் ‘எஃப்சிங்க்’ ஆன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மந்தம் என்று புகார் வந்ததும் சாஃப்ட்வேர்காரர்கள் சிலர் அதை ஆஃப் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் போகிற ஊரில் அது வினையை விலைக்கு வாங்குவது. அவசரத்துக்கு வேகம் வேண்டுமானால் ‘சிங்க்ரனஸ்_கமிட்’ என்பதை ஆஃப் செய்யலாம். அதில் கரண்ட் போனால் கடைசி அரை நொடி, முக்கால் நொடியில் போட்ட பில் போகலாம், டேட்டாபேஸ் உடையாது. மருந்து ஸ்டாக்கில் அந்த இழப்பும் தலைவலிதான். பேட்டரி வரும்வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லா சிஸ்டமும் மொத்தமாக நின்று மொத்தமாக ஓடுவது. இது பெரும்பாலும் டிஸ்க் மந்தத்தின் குணம் இல்லை. டிஸ்க் மந்தமாக இருந்தால் எல்லாமே இழுத்து இழுத்து ஓடும். மொத்தமாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் அவர் விடுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

உங்கள் மாதிரி நிறுவனங்களில் இதற்கு முதல் சந்தேகம் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசின் ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அது கட்டாயம். நீங்களும் அந்த வரம்புக்குள் வருகிறீர்கள் என்றால் பில்லிங் சாஃப்ட்வேர் என்ன வரிசையில் வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஸ்டாக்கைக் கழித்து, அதைக் கமிட் செய்யாமலே (நிரந்தரமாக உறுதிப்படுத்தாமலே) போர்ட்டலுக்குத் தகவல் அனுப்பி, பதில் எண் வரும்வரை காத்திருந்து, பிறகு கமிட் செய்கிறது என்றால் போர்ட்டல் மெதுவாக இருக்கும் சாயங்கால வேளையில் அந்தப் பேட்ச்சின் ஸ்டாக் வரி அத்தனை நேரமும் பூட்டியே கிடக்கும். பாரசிட்டமால், பேன்டப்ரசோல் மாதிரி எல்லா பில்லிலும் வரும் மருந்தாக இருந்தால் மற்றவர்கள் அத்தனை பேரும் அதன் பின்னால் நிற்பார்கள். 32 கோர் இல்லை, 320 கோர் போட்டாலும் அந்தப் பூட்டு திறக்காது.

கண்டுபிடிக்க ‘லாக்_லாக்_வெய்ட்ஸ்’ என்ற செட்டிங்கை ஆன் செய்யுங்கள். ரீலோடு போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். ஒரு நொடிக்கு மேல் யார் யாருக்காகக் காத்திருந்தார் என்பது லாக் ஃபைலில் வரும். நின்றுபோன அந்த நிமிடத்திலேயே பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து பார்த்தால், ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்ற நிலையில் ஒரு சிஸ்டம் உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த ஸ்கிரீன்ஷாட்டை சாஃப்ட்வேர்காரருக்கு அனுப்பி, ஸ்டாக்கைக் கமிட் செய்துவிட்டு அதன்பின் போர்ட்டலைக் கூப்பிடும்படி மாற்றச் சொல்லுங்கள். போர்ட்டல் மறுத்தால் பில்லை ‘எண் வரவில்லை’ என்று குறித்து வைத்துப் பிறகு மறுபடி முயலும் வசதியும் கூடவே வேண்டும். ‘ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அது அப்படி உட்கார்ந்திருப்பவரின் இணைப்பையே துண்டித்துவிடும். சாஃப்ட்வேர்காரரிடம் கேட்காமல் போட்டால் பாதி பில்லில் எரர் வந்து நிற்கும்.

இந்தப் பூட்டுகளால் இன்னொரு கேடும் உண்டு. பேட்ச் ஸ்டாக் அட்டவணையில் வரிகள் குறைவு, மாற்றங்கள் மிக அதிகம். போஸ்ட்கிரெஸில் ஒரு வரி மாறினால் பழைய வரி உடனே அழியாது. செத்த வரியாகக் கிடக்கும், ஆட்டோவேக்கம் என்ற தானியங்கித் துப்புரவு வந்து அள்ள வேண்டும். மணிக்கணக்கில் ஒரு டிரான்சாக்‌ஷன் திறந்தே இருந்தால் அதற்குப் பின் செத்த வரி எதையும் வேக்கம் அள்ள முடியாது. 20 எம்பி இருக்க வேண்டிய அட்டவணை ஜிபி கணக்கில் வீங்கிவிடும். பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸில் செத்த வரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். உயிருள்ள வரிகளைவிட அவை அதிகமாக இருந்தால், அந்த அட்டவணைக்கு மட்டும் ஆட்டோவேக்கம் ஸ்கேல் ஃபேக்டரை 0.2-லிருந்து 0.02 ஆக்குங்கள். ஏற்கனவே வீங்கியதைச் சுருக்க ஞாயிற்றுக்கிழமை ‘வேக்கம் ஃபுல்’ ஓட்டுங்கள். அது ஓடும்போது அந்த அட்டவணையை யாரும் தொட முடியாது என்பதால் வேலை நேரத்தில் கூடாது.

மார்த்தாண்டம் கிளையின் கதை வேறு. வடசேரியில் வேகமாக இருக்கும் காலை 11 மணிக்கும் அங்கே மந்தம் என்றால் குற்றவாளி சர்வர் இல்லை. அங்கிருந்து சர்வருக்கு பிங் போட்டு, தகவல் போய்வரும் நேரத்தைப் பாருங்கள். 30 மில்லிநொடி வருகிறது என்று வையுங்கள். ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் சாஃப்ட்வேர் பேட்ச், எம்ஆர்பி, ஸ்கீம், பார்ட்டியின் கடைசி விலை, கடன் வரம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக 40 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அனுப்பினால் போய்வரும் நேரமே 1.2 நொடி. வடசேரியில் உள்ள லேனில் அதே 40 குவெரிக்கும் சேர்த்து 20 மில்லிநொடிகூட ஆகாது. புது சர்வரால் அந்த 1.2 நொடியில் சல்லிக்காசு அளவுகூடக் குறைக்க முடியாது. அங்குள்ளவர்கள் வடசேரியில் இருக்கும் ஒரு கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக பில் போடுவதே கைக்கெட்டும் தீர்வு. திரை மட்டும்தான் அந்தத் தூரம் போய்வரும், குவெரி எல்லாம் உள்ளேயே முடியும். நாற்பதையும் ஒன்றாக்கிக் கொடுக்க சாஃப்ட்வேர்காரர் முன்வந்தால் அது இன்னும் நல்லது. குளச்சல் கிளைக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

இப்போது ஹார்டுவேர். பேட்டரி மாற்றியபின்னும் பணம் போட வேண்டிய இடங்கள் இரண்டு, ரேமும் எஸ்எஸ்டியும்.

68 ஜிபி டேட்டாபேஸுக்கு 16 ஜிபி ரேம் போதாது. ஆனால் அத்தனையும் ரேமில் இருக்க வேண்டியதில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய பில்லை யாரும் தினமும் திறப்பதில்லை. பார்ட்டி, மருந்து, பேட்ச் ஸ்டாக், கடைசி ஒரு வருட பில் வரிகள், அவற்றின் இண்டெக்ஸ்கள் ஆகியவைதான் எந்நேரமும் புழங்குபவை. பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் கொண்டு பெரிய அட்டவணைகளின் அளவை எடுத்து, புழங்கும் பங்கைக் கூட்டிப் பாருங்கள். 25, 30 ஜிபிக்குள் வந்தால் 48 ஜிபி ரேம் தாராளம்.

உங்கள் டி330-ல் நாலு ஸ்லாட், உச்ச அளவு 64 ஜிபி. இருக்கும் இரண்டு 8 ஜிபியுடன் இரண்டு 16 ஜிபி சேர்த்தால் 48. நாலும் 16 ஆக மாற்றினால் 64. நான் 48-ஐத்தான் சொல்வேன். இந்த ரேம் டிடிஆர்4 இசிசி யூடிம் வகை, அதாவது பிழை திருத்தும் வசதி உள்ள, ரெஜிஸ்டர் சிப் இல்லாத ரேம். அடுத்து வாங்கப்போகும் டிடிஆர்5 சர்வரில் இது ஏறாது, ஆகவே இதில் போடும் பணம் இந்த மெஷினோடு முடிந்துவிடும். 16 ஜிபி ஜோடியை ஏ1, ஏ2 ஸ்லாட்டிலும் 8 ஜிபி ஜோடியை ஏ3, ஏ4-லும் போடுங்கள். மூடியின் உள்பக்கம் படம் ஒட்டியிருக்கும்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய சர்வர் ரேம் என்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி ரெஜிஸ்டர்டு வகை. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் இந்த மெஷின் பூட் ஆகாது. லேபிளில் பிசி4-2133 அல்லது பிசி4-2400 என்பதற்குப் பின் வரும் கோட்டைத் தாண்டி முதல் எழுத்தைப் பாருங்கள். ‘இ’ என்றால் உங்களுக்கு வேண்டிய இசிசி யூடிம். ‘ஆர்’ என்றால் ரெஜிஸ்டர்டு. ‘யூ’ என்றால் இசிசி இல்லாத சாதாரண டெஸ்க்டாப் ரேம், அதையும் கலக்காதீர்கள். போட்டதும் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிவிட்டு மறுநாள்தான் பில்லிங்குக்குக் கொடுக்க வேண்டும். பழைய ரேமைக் கழற்றும்போது அதன் தங்க முனைகளைப் பாருங்கள். கடற்காற்றும் ஈரமும் உள்ள நம் மாவட்டத்தில், ஏசி இல்லாத அறையில் வைத்த மெஷினில் அவை மங்கிக் கறுத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும். பென்சில் அழிப்பான் போட்டுத் தேய்த்தால் தங்கப்பூச்சே போய்விடும்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒரே நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள். அதில் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் இருக்க வேண்டும். உள்ளே சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனால் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் அளவு மின்சாரம் அவற்றில் தேங்கியிருக்கும். அதனால்தான் அவ்வகை டிஸ்க் கமிட்டுக்கு உடனே உறுதி கொடுக்கிறது. கெபாசிட்டர் இல்லாத சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் சிப்பில் எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். நொடிக்கு 550 எம்பி என்று பெட்டியில் போட்டிருக்கும், கமிட் வேகத்தில் பின்தங்கிவிடும். பெட்டியில் இருப்பது பெரிய ஃபைலை ஒரே ஓட்டமாக நகலெடுக்கும் வேகம், உங்களுக்கு வேண்டியது சின்னச் சின்ன ரைட்டின் வேகம். சாம்சங் பிஎம்893, மைக்ரான் 5400 ப்ரோ, சாலிடைம் டி3-எஸ்4520 மூன்றிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

960 ஜிபி இரண்டு வாங்கி அதே ஹெச்730-ல் ரெய்டு 1 ஆக (ஒன்றின் நகல் மற்றொன்றில்) கட்டுங்கள். 68 ஜிபிக்கு 480-ஏ போதும் என்று தோன்றும். இடத்துக்காக 960 சொல்லவில்லை, ஆயுளுக்காகச் சொல்கிறேன். தினமும் ஒரு முழு அளவு எழுதலாம் என்று ஐந்து வருட உத்தரவாதம் உள்ள 960 ஜிபி டிஸ்க் மொத்தம் 1,750 டிபி வரை எழுத்தைத் தாங்கும். சாம்சங் 870 ஈவோ மாதிரி 1 டிபி டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு உத்தரவாதம் 600 டிபி. இரண்டரை அங்குல டிஸ்க்கை மூன்றரை அங்குல பேயில் ஏற்றத் தனி அடாப்டருடன் கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் தட்டு) வேண்டும். பின்பக்க கனெக்டர் நேராக வரும் வகையா என்று பார்த்து, டிஸ்க்குடனேயே ஆர்டர் செய்யுங்கள். சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வேண்டுமா என்று கேட்டால், இந்த மெஷினுக்கு வேண்டாம். சாட்டாவிலேயே உங்கள் சுமை மூச்சுத் திணறாது. பிறகு புது மெஷினுக்கும் இந்த டிஸ்க்குகளை எடுத்துப் போகலாம்.

ரெய்டு 5 அப்படியே இருக்கட்டும். ஓஎஸ், ஸ்கேன் செய்த பில்கள், இரவு பேக்கப்பின் ஒரு நகல் ஆகியவற்றுக்கு அது போதும். எஸ்எஸ்டிக்கு மாறுவது டேட்டாபேஸ் மட்டும்.

மாற்றும் வேலைக்கு ஒரு ஞாயிறு போதும். சனி இரவே முழு பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பி டிஸ்க்கில் கை வைக்கக்கூடாது. புது ரெய்டு 1-ஐ எக்ஸ்ட்4-ல் ஃபார்மட் செய்து மவுண்ட் செய்யுங்கள். டேட்டாபேஸை மவுண்ட் ஆகும் ஃபோல்டரிலேயே நேராக வைக்காமல் அதற்குள் ஒரு துணை ஃபோல்டரில் வையுங்கள். என்றாவது அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போனால், துணை ஃபோல்டர் இல்லாததால் போஸ்ட்கிரெஸ் கிளம்பாமல் நின்றுவிடும். அதுதான் நமக்கு வேண்டும். பிறகு போஸ்ட்கிரெஸை நிறுத்தி, ‘ஆர்சிங்க்’ கொண்டு அனுமதிகள் மாறாமல் நகலெடுங்கள். ஃபோல்டரின் உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் பயனர், அனுமதி 0700. கான்ஃபிக் ஃபைலில் ‘டேட்டா_டைரக்டரி’யை மாற்றி, பழைய ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிட்டுக் கிளப்புங்கள். பழையதை இரண்டு வாரம் அழிக்காதீர்கள். பெயர் மாற்றாமல் விட்டால், பிறகு யாரோ கான்ஃபிக்கைப் பழையபடி திருப்பி, இரண்டு வாரத்துக்கு முந்தைய ஸ்டாக்கில் பில் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

செட்டிங் மாறாமல் ஹார்டுவேர் மட்டும் மாறினால் பாதிப் பலன்தான். போஸ்ட்கிரெஸ் தானாக வைத்துக்கொள்ளும் ‘ஷேர்டு_பஃபர்ஸ்’ வெறும் 128 எம்பி. 48 ஜிபி ரேமுக்கு 12 ஜிபி வையுங்கள். ‘எஃபெக்டிவ்_கேச்_சைஸ்’ 36 ஜிபி. ‘ரேண்டம்_பேஜ்_காஸ்ட்’ சுழலும் டிஸ்க்கை மனதில் வைத்து 4 என்று இருக்கும், எஸ்எஸ்டிக்கு 1.1. அதை மாற்றாவிட்டால் இண்டெக்ஸ் இருந்தும் சில குவெரிகள் முழு அட்டவணையையும் படிக்கும். ‘மேக்ஸ்_வால்_சைஸ்’ 8 ஜிபி, ‘செக்பாயின்ட்_டைம்அவுட்’ 15 நிமிடம், ‘செக்பாயின்ட்_கம்ப்ளீஷன்_டார்கெட்’ 0.9. ‘வொர்க்_மெம்’ 32 எம்பி. ரேம்தான் ஏறிவிட்டதே என்று இதை 1 ஜிபி ஆக்கிவிடாதீர்கள். அந்த அளவு ஒரு பயனருக்கு என்று இல்லை, ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனி. நாலு பேர் மாதக் கடைசி ரிப்போர்ட் எடுத்தால் ரேம் தீர்ந்து, லினக்ஸ் போஸ்ட்கிரெஸையே கொன்றுவிடும்.

ஒரு வரி ஏற 5 நொடி என்பதில் இண்டெக்ஸ் இல்லாத குவெரியின் பங்கும் இருக்கலாம். ‘இந்தப் பார்ட்டிக்கு இந்த மருந்தைக் கடைசியாக என்ன விலைக்குக் கொடுத்தோம்’ என்று தேடும் குவெரியை முதலில் பிடியுங்கள். பில் வரி அட்டவணையில் 1.2 கோடி வரி, வரிக்கு 150 பைட் என்றால் 1.8 ஜிபி. இண்டெக்ஸ் இல்லாமல் நொடிக்கு 150 எம்பி படிக்கும் டிஸ்க்கில் அதற்கு 12 நொடி வேண்டும். பார்ட்டி, மருந்து, தேதி மூன்றையும் இதே வரிசையில் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டால் நாலைந்து பக்கங்களைப் படிப்பதோடு முடிந்துவிடும். ‘கன்கரண்ட்லி’ என்ற சொல்லுடன் போட்டால் பில்லிங் நிற்காது. பேட்டரியைவிட இதற்குச் செலவு குறைவு. எந்தக் குவெரி அதிக நேரம் தின்கிறது என்று பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் பட்டியல் போட்டுக் காட்டும். முதல் ஐந்தை மட்டும் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் பஃபர்ஸ்’ போட்டுப் பார்த்தால் போதும்.

யூபிஎஸ் இரட்டை மாற்று ஆன்லைன் வகையாக இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியிலேயே சில சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூஎஸ்பி கேபிளை சர்வரில் சொருகி, ‘நட்’ என்ற யூபிஎஸ் கண்காணிப்பு மென்பொருள் போட்டு, யூபிஎஸ் பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கியதும் தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஆகவே தினசரி பேக்கப்பின் ஒரு நகல் வடசேரிக் கட்டடத்துக்கு வெளியே, மாவட்டத்துக்கும் வெளியே இருக்க வேண்டும். ரெய்டு பேக்கப் ஆகாது.

இவ்வளவும் செய்தபின் ஒரு வாரம் சாயங்காலங்களில் ‘டாப்’ திறந்து வையுங்கள். ‘டபிள்யூஏ’ என்பது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் பங்கு, ‘யூஎஸ்’ என்பது பிராசஸர் உண்மையில் உழைக்கும் பங்கு. ‘டபிள்யூஏ’ ஒன்றிரண்டுக்கு இறங்கி, ‘யூஎஸ்’ தொடர்ந்து 80-க்கு மேல் நின்றால் அப்போதுதான் பிராசஸர் போதவில்லை என்று அர்த்தம். 22 பில்லிங் சிஸ்டத்துக்கு அப்படி ஆவது அரிது.

ஆனாலும் 2018 மெஷினுக்கு வயதாகிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் அந்த 32 கோர் கொட்டேஷன் உங்களுக்குப் பொருந்தாது. பில்லிங்கில் ஒரு சின்னக் குவெரியை ஒரே ஒரு கோர்தான் ஓட்டும். மெதுவான 32 கோரைவிட 4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும் 6 அல்லது 8 கோர் உங்கள் பில்லை வேகமாக முடிக்கும். ஒற்றை பிராசஸர், 64 ஜிபி டிடிஆர்5 இசிசி ரேம், பவர் லாஸ் புரொடெக்‌ஷன் உள்ள இரண்டு டிஸ்க் என்று கேட்டு மறுபடி கொட்டேஷன் வாங்குங்கள்.

போஸ்ட்கிரெஸ் 10-க்கு 2022 நவம்பரிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. உபுண்டு 18.04-க்கும் வழக்கமான ஆதரவு 2023-ல் முடிந்தது. இவற்றை ஹார்டுவேர் மாற்றிய அதே ஞாயிறு செய்யாதீர்கள். கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஒரு மாதம் கழித்து, மாதக் கடைசி இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள். அப்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே புது உபுண்டுவுக்குத் தூக்கிப்போட்டு ஓட்ட முயல வேண்டாம். 18.04-க்குப் பின் வந்த பதிப்புகளில் ஜிலிப்சி நூலகம் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியிருக்கிறது. பழைய இண்டெக்ஸ்கள் உடைந்ததற்குச் சமம் ஆகி, இருக்கும் மருந்தைத் தேடினால் ‘இல்லை’ என்று வரும். பிஜி_டம்ப் எடுத்து, புது பதிப்பில் பிஜி_ரீஸ்டோரை நாலு ஜாப் வைத்து ஓட்டினால் இண்டெக்ஸ் எல்லாம் புதிதாகவே கட்டப்படும். முடிந்ததும் ‘அனலைஸ்’ ஓட்டிவிட்டுத் திங்கள் காலை பில்லிங்கைத் திறந்துவிடுங்கள்.